ஆத்துப் பேருக்கு வாரிசு

நைனா போயி காரியம் முடிஞ்ச அடுத்த வாரமே பாகம் பிரிக்க உக்காந்தோம். சித்தூர் ஜில்லாவுல, பாலசமுத்திரத்துக்கு இந்தாண்ட எங்க ஊரு. சொத்துன்னு பெருசா ஒண்ணும் இல்ல. நைனா கூலி வேல செஞ்சி வாங்கின கொஞ்சம் மாந்தோப்பு, எல்லாம் தோதாபுரி மரம். பாதி வருசம் காலியாக் கெடக்கற ஒரு கெணறு. ஒரு ஓட்டு வீடு. ரெண்டு எருமை. அப்புறம், இன்டர்நெட்டுல ஒரு பேரு.

கடைசி அயிட்டத்த நான்தான் சொன்னேன். சொன்னதும் பெரியவரு ஒருத்தரு வெத்தல மெல்லறத நிறுத்திட்டு என்னையப் பாத்தாரு.

"பேரா? யார் பேரு?"

"நம்ம ஆத்துப் பேருங்க. இன்டர்நெட்டுல அந்தப் பேரு நம்ம நைனா பேருல இருக்குது."

"ஆறே இல்ல. பேரு மட்டும் உங்க நைனா பேருல இருக்குதா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். எனக்கு அதுதான பொழப்பு. வாயத் தொறந்தா ஊரு சிரிக்கும், அந்தச் சிரிப்புல நான் கேட்ட விசயம் காணாமப் போயிடும். சின்ன வயசுலேந்து இப்படித்தான். இப்போ அம்பதத் தாண்டி, தொப்பை எனக்கு முன்னாடி கடைக்குள்ள நுழையுது, ஆனாலும் திருந்தல.

சித்தூர்ல எனக்கு ஒரு சின்ன நெட் சென்டர். நெட் சென்டர்னா ஜெராக்ஸ், ஆதார் திருத்தம், ஹால் டிக்கெட்டு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் சேத்துத்தான். பல வருசத்துக்கு முன்னாடி, கையில கொஞ்சம் நேரமும் தலையில நெறைய திமிரும் இருந்த காலத்துல, எங்க பக்கம் ஓடற ஆத்துப் பேர இன்டர்நெட்டுல பதிவு பண்ணேன். ஓடறதுன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. மழை வந்தா நாலு நாளு ஓடும், மிச்ச நாளு மணலு லாரிங்கதான் ஓடும். அந்தப் பேர இங்க எழுதமாட்டேன். இப்போ அது வேறொருத்தரோடது, எழுதினா நோட்டீஸு விடுவாங்களோன்னு ஒரு பயம்.

பதிவு பண்ணும்போது ஓனர் பேருன்னு ஒரு கட்டம் வந்துச்சு. நான் நைனா பேரப் போட்டேன். ஏன்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க வீட்டுல கரண்ட் மீட்டரு நைனா பேருல, கேஸு நைனா பேருல, ரேஷன் கார்டு நைனா பேருல, டி.வி. டிஷ்ஷு கூட நைனா பேருல. அப்பன் உயிரோட இருக்கும்போது மகன் பேருல ஒண்ணு வாங்கினா, தனிக்குடித்தனம் போறதுக்கு ரெடியாயிட்டான்னு ஊரு பேசும். அதனால ஸ்மார்ட்போன ஒரு தடவை கூடத் தொடாத எங்க நைனா, ஒரு டொமைனுக்கு ஓனர் ஆயிட்டாரு. அவருகிட்ட சொன்னேன். "வரி வருமா?"ன்னு மட்டும் கேட்டாரு.

இந்தப் பேருல ஒரு வசதி இருக்குது. அத ஒரு தெருன்னு வெச்சிக்கோங்க. தெருப் பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வெச்சி, யார் பேர வேணா சேத்துக்கலாம். சேத்தா அவங்களுக்கு அங்க ஒரு வீடு மாதிரி, ஒரு அட்ரஸு, ஒரு மெயிலு. நான் கேட்டவங்களுக்கெல்லாம் சும்மா குடுத்தேன். கல்யாண மண்டபக்காரருக்கு ஒண்ணு. நாயுடுபேட்டைல டயர் கடை வெச்சிக்கினு இருக்கற எங்க ஊரு ஆளுக்கு ஒண்ணு. மாங்கா வெல போடற கமிஷன் மண்டிக்காரருக்கு ஒண்ணு. ஒரு வாலிபால் டீமுக்கு ஒண்ணு, அவங்க அதுல தோத்த மேட்ச மட்டும் போடவே மாட்டாங்க. இப்படி ஒரு நாப்பது அம்பது வீடு. என் பொண்டாட்டி என்னைய ஜமீன்தாரேன்னு கூப்பிடுவா. நெலமே இல்லாம கூலிக்கு கரும்பு வெட்டின குடும்பத்துல பொறந்தவனுக்கு அந்தப் பட்டம் உள்ளுக்குள்ள இனிச்சிது. வெளிய காட்டிக்கல, அவ்ளோதான்.

அந்தத் தெருவுல ஒரு வீடு திருப்பதி மாமியோடது.

மாமி வீட்டுக்காரரு திருப்பதியில ஒரு பெருமாள் கோயில்ல ரொம்ப வருசம் பாசுரம் சேவிச்சிக்கினு இருந்தவரு. வயசானப்புறம் மறதி வந்துடுச்சு. மொதல்ல செருப்ப மறந்தாரு, அப்புறம் வீட்டு வழிய, அப்புறம் மாமிய. பாசுரம் மட்டும் மறக்கல, ஒரு எழுத்து பெசகாம வரும். ஒரு நாள் காலையில கோயிலுக்குன்னு கெளம்பினவரு, மலைக்குப் போற ஜனத்தோட ஜனமா கலந்துட்டாரு. அவ்ளோதான். திருப்பதியில ஒரு ஆளக் காணோம்னு சொல்றது, சமுத்திரத்துல ஒரு சொம்பு தண்ணியக் காணோம்னு சொல்ற மாதிரி.

மாமி மொதல்ல போட்டோ போட்டு, போன் நம்பர் போட்டு நோட்டீஸு அடிச்சி ஒட்டினாங்க. போனு வந்துச்சி. "உங்க ஆளு எங்ககிட்டதான் கீறாரு, பணம் அனுப்பு"ன்னு ஒருத்தன். "அவரப் பொதைச்சாச்சி"ன்னு இன்னொருத்தன், அவனுக்கு அதுல என்ன லாபமோ. மாமி ரெண்டு மூணு தடவை ஏமாந்துட்டு நம்பர மாத்திட்டாங்க. அப்போதான் யாரோ சொல்லி என் கடைக்கு வந்தாங்க. திருப்பதியிலேந்து சித்தூருக்கு பஸ் ஏறி, மடிசார்ல, கையில ஒரு பிளாஸ்டிக் கவர் நெறைய அவரு போட்டோவோட.

"போன் வேண்டாம். எழுதறவா எழுதட்டும். பொய் சொல்றவா எழுத மாட்டா, அவாளுக்குச் சோம்பேறித்தனம்"ன்னாங்க.

எனக்கு அந்த லாஜிக்கு புடிச்சிது. அவங்களுக்கு ஒரு அட்ரஸு போட்டுக் குடுத்தேன். சின்ன பக்கம், அவரு போட்டோ, தமிழ்லயும் தெலுங்குலயும் நாலு வரி, கீழ மெயில். புது நோட்டீஸுல போன் நம்பரே இல்ல, அந்த அட்ரஸு மட்டும். மாமி அத திருப்பதி பஸ் ஸ்டாண்டு, ரேணிகுண்டா, பாகாலா, காட்பாடி, நாயுடுபேட்டைன்னு ரயிலு பஸ்ஸு போற எடமெல்லாம் ஒட்டினாங்க. சில எடத்துல பெயிண்ட்டுல எழுத வெச்சாங்க. வாரத்துக்கு ஒரு தடவை எனக்கு போன் பண்ணி "ஏதாவது வந்துதா?"ன்னு கேப்பாங்க. அவங்க போன்லயே மெயிலு வரும், ஆனாலும் என்னையக் கேப்பாங்க. நான் போஸ்ட்மேனுன்னு நெனப்பு.

வந்துதான் இருந்துச்சு. அப்பப்போ ஒண்ணு. "இவர மாதிரி ஒருத்தர ஆத்தூர் பக்கம் பாத்தேன்", "இவரு எங்க தெருவுல தண்ணி கேட்டாரு". எல்லாம் வேற ஆளு. ஆனா எல்லாம் நல்லவங்க எழுதினது. மாமி ஒவ்வொண்ணுக்கும் நன்றி சொல்லி பதில் எழுதுவாங்க. அவரு எங்கயோ உயிரோட இருக்காருன்னு மாமி நம்பறதுக்கு, அந்த அட்ரஸத் தவிர வேற ஒண்ணும் இல்ல.

இப்போ நைனா போனதுக்கு வரேன்.

நைனா போனதும் நான் ஒரு பொறுப்பான மகன் ஆயிட்டேன். வாழ்க்கையில மொத தடவை. டெத் சர்டிபிகேட்ட எடுத்துக்கினு கரண்ட் ஆபீஸு, கேஸ் ஏஜென்சி, எம்மார்வோன்னு சொல்ற தாசில்தார் ஆபீஸுன்னு சுத்தி எல்லாத்தையும் பேரு மாத்தறதுக்குக் குடுத்தேன். அதே சூட்டுல, டொமைன் வித்த கம்பெனிக்கும் போன் போட்டு, "ஓனர் இறந்துட்டாரு, என் பேருக்கு மாத்துங்க"ன்னு சொன்னேன். பாஸ்வேர்டு என்கிட்டதான் இருந்துச்சு. வாய மூடிக்கினு இருந்திருந்தா இன்னும் நூறு வருசத்துக்கு செத்துப்போன நைனா ஓனராவே இருந்திருப்பாரு, யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கரண்ட் மீட்டரு புத்தி. அந்தப் புத்தி எங்க பக்கம் மண்ணுல வெளையறது.

போன்ல ஒரு பொண்ணு. ரொம்ப மரியாதை.

"சார், ஓனர்னு யாரும் கிடையாது சார். அவர் ரிஜிஸ்ட்ரன்ட்."

"சரிம்மா, அவருதான் செத்துட்டாரு."

"சாரி சார். அப்போ அக்கவுன்ட் லாக் ஆயிடும். எல்லா வாரிசும் சம்மதம் குடுக்கணும் சார்."

"ஓனரே இல்லன்னியே, வாரிசு எங்கேந்துமா வந்துது?"

கீபோர்டு தட்டற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "அது ப்ராசஸ் சார்"ன்னுச்சு.

லாக் ஆயிடுச்சு. அடுத்த புதுப்பிக்கற தேதிக்குள்ள எல்லா வாரிசும் கையெழுத்து போடலேன்னா பேரு கைய விட்டுப் போயிடும், யாரு மொதல்ல புடிக்கறாங்களோ அவங்களுக்கு. அம்மா முன்னாடியே போயிட்டாங்க. வாரிசுன்னா நானும் அண்ணனும்தான். அதனாலதான் பாகம் பிரிக்கற எடத்துல அந்தப் பேர எடுத்து வெச்சேன்.

எங்க பக்கம் பாகம் பிரிக்கும்போது கெணறு, தோப்புக்குப் போற தடம், இந்த மாதிரி வெட்டிப் பிரிக்க முடியாதத பொதுவுல விட்டுடுவாங்க. பெரியவரு சிரிச்சி முடிச்சிட்டு, "சரி, கெணறு, தடம், அப்புறம் இவனோட ஆத்துப் பேரு, மூணும் பொதுவு"ன்னாரு. டாக்குமென்ட் ரைட்டரு எழுதிக்கினாரு. எல்லாத்துக்கும் நாலு பக்கம் எல்லை எழுதற பழக்கத்துல, இதுக்கு கெழக்க என்னன்னு கேட்டாரு. நான் அமெரிக்கான்னேன். திரும்பவும் எல்லாரும் சிரிச்சாங்க.

எனக்கு அன்னிக்கு ரொம்ப சந்தோசம். பொதுவுன்னதும் அது எல்லாருக்கும்னு நெனச்சேன். மாமிக்கு, டயர் கடைக்கு, வாலிபால் பசங்களுக்கு, எல்லாருக்கும். அண்ணன் நெனச்சது வேற. பொதுவுன்னா பாதி அவரோடது.

பாதி அவரோடதுன்னு அவருக்கு யார் சொன்னாங்கன்னா, திருப்பதி ரோட்டுல பிளாட் போடற ஒரு கம்பெனி. ஆத்துக்குப் பக்கத்துல நெலத்த வாங்கி, அந்த ஆத்துப் பேரையே லேஅவுட்டுக்கு வெச்சி, ஆத்தங்கரை வில்லான்னு விக்கப் போறாங்க. அவங்களுக்கு இன்டர்நெட்டுல அந்தப் பேரு வேணும். பேரு யாருதுன்னு விசாரிச்சி, எங்க ஊருக்கு வந்து, தோப்புல நின்னுக்கினு இருந்த எங்க அண்ணனப் புடிச்சிட்டாங்க.

அண்ணன் கெட்டவரு இல்ல. இத நான் எழுதியே ஆகணும். அந்த வருசம் மாங்கா வெலை விழுந்து, ஜூஸ் ஃபேக்டரிக்காரன் லாரிய உள்ள விடல. அண்ணன் லோடு மாங்காவோட ரெண்டு நாளு ரோட்டுல நின்னுட்டு, கடைசியில ஏரிக்கரையில கொட்டிட்டு வந்தாரு. அந்த வாசன ஊருக்குள்ள ஒரு வாரம் இருந்துச்சு. வீட்டுல கட்டிக்குடுக்கற வயசுல ஒரு பொண்ணு. அதுக்கு அடுத்த வாரம்தான் பிளாட்காரங்க வந்தாங்க.

சித்தூர்ல என் கடைக்கு வந்தாரு. ஸ்டூல்ல உக்காந்தாரு. டீ சொன்னேன், குடிக்கல.

"பேர அவங்களுக்குக் குடுத்துடலாம்டா."

"அண்ணா, அது நம்மது இல்ல."

"நைனா பேருல கீதா இல்லியா?"

"கீது. ஆனா நம்மது இல்ல. வருசா வருசம் கட்டி வெச்சிக்கினு இருக்கறது. வாடகை மாதிரி."

"வாடகை ஊட்டையா இத்தினி வருசமா சொத்து மாதிரி பேசிக்கினு இருந்த? பாகத்துல வேற எழுதி வெச்ச?"

நான் வேற பக்கம் போனேன். "அதுக்குக் கீழ அம்பது பேரு இருக்காங்கண்ணா. அவங்கள இன்னா பண்றது?"

"அவங்க யாரு, நமக்குச் சொந்தமா?"

"சொந்தம் இல்ல. குடியிருக்கறாங்க. அண்ணா, நம்ம தாத்தாவ யோசிச்சிப் பாரு. அடுத்தவன் கொல்லையில குடிசை போட்டுக்கினு, அவன் நெலத்துலயே வேல செஞ்சிக்கினு, ஒரு நாள் கெளம்புன்னாங்க. இத்தினி வருசமா இருக்கோமே, இது எங்க எடம் இல்லியான்னு தாத்தா கேட்டாராமே. நைனா எத்தினி தடவை சொல்லியிருக்காரு."

அண்ணன் என்னையப் பாத்த பார்வ இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்குது. கோவமே இல்ல அதுல.

"அப்போ இன்னா ஆச்சு, சொல்லு."

"கெளப்பிட்டாங்க."

"ஏன்?"

பதிலையும் அவரே சொன்னாரு.

"பட்டா அவன் பேருல இருந்துச்சு. அதான். நியாயம் தாத்தா பக்கம் இருந்துச்சி, பட்டா அவன் பக்கம். தாத்தா மூட்டையத் தூக்கிக்கினு நடந்தாரு. இப்போ மொத மொதலா பட்டா நம்ம பேருல கீது. இப்போ வந்து நியாயம் பேசறியே நீ. ஊருக்கெல்லாம் சும்மா பேரு குடுத்தியே, கூடப் பொறந்தவனுக்கு இன்னாடா குடுத்த?"

டீ ஆறிப்போயி மேல ஏடு கட்டிக்கினு இருந்துச்சு. அத எடுத்து வெளிய ஊத்திட்டு வந்தேன். அதத் தவிர அப்போ எனக்குச் செய்யறதுக்கு ஒண்ணும் தோணல.

மறுநாளு கோர்ட்டாண்ட இருக்கற ஒரு வக்கீலுகிட்ட போனேன். தெலுங்குக்காரரு. முழுக்கக் கேட்டுட்டு, "ஏமண்டி, இது ஸ்திர ஆஸ்தியா, சர ஆஸ்தியா?"ன்னாரு. அசையாச் சொத்தா அசையும் சொத்தான்னு கேக்கறாரு.

"ஒரு எடத்துல இருக்காது சார். ஆனா நகரவும் நகராது."

"தொட முடியுமா?"

"முடியாது."

"அடமானம் வெக்க முடியுமா?"

"எவனும் வாங்க மாட்டான் சார்."

"விக்க முடியுமா?"

"அதுதான் சார் பிரச்சினையே. முடியும்."

அவரு மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு. "விக்க முடிஞ்சா சொத்துதான். உங்க மாமிக்கு அதுல ஹக்கு, உரிமை, ஏதாவது இருக்கா? அக்ரிமென்ட்?"

"சும்மா குடுத்தேன் சார்."

"சும்மா குடுத்தத சும்மா எடுத்துக்கலாம். கேஸ் போடுங்க, போட்டா ஸ்டே கூட வரும். ஆனா கேஸ் முடியறதுக்குள்ள உங்க புதுப்பிக்கற தேதி வந்துடும். அப்போ உங்களுக்கும் இல்ல, உங்க அண்ணனுக்கும் இல்ல." அப்புறம் கொஞ்சம் இரக்கமா, "வேற பேரு வெச்சிக்கோங்களேன். பேருக்கா பஞ்சம்?"ன்னாரு.

அதத்தான் எல்லாரும் சொன்னாங்க. டயர் கடைக்காரரு, "எனக்கு வேற பேரு போட்டுக் குடுண்ணா, போர்ட மாத்திக்கறேன்"ன்னு ரெண்டு நிமிசத்துல முடிச்சிட்டாரு. மண்டிக்காரரு எப்பவோ வாட்ஸாப்புக்குப் போயிட்டாராம், எனக்குச் சொல்லவே இல்ல. வாலிபால் டீம் கலைஞ்சே ரெண்டு வருசம் ஆச்சாம். என்னோட ஜமீன் பாதி காலியாத்தான் இருந்திருக்குது. நான்தான் வாடகை வராத வீட்டுக்கெல்லாம் வெள்ளையடிச்சிக்கினு இருந்திருக்கேன்.

வேற பேரு வெச்சிக்க முடியாதவங்க ஒருத்தருதான். மாமியோட அட்ரஸு அவங்ககிட்ட இல்ல, செவுத்துல இருந்துச்சு. எங்கெங்க செவுருன்னு அவங்களுக்கே தெரியாது. நோட்டீஸக் கிழிச்சி மடிச்சி பாக்கெட்டுல வெச்சிக்கினு ஊருக்குப் போனவங்க எத்தினி பேரோ. அவங்களுக்கெல்லாம் எப்படி போயி சொல்றது, அட்ரஸு மாறிப்போச்சுன்னு?

திருப்பதிக்கு நேர்ல போயிச் சொன்னேன். மாமி வீடு கோயிலுக்குப் பின்னாடி சந்துல. உள்ள உக்கார வெச்சி மோரு குடுத்தாங்க. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் குறுக்க பேசல.

"சரி, அந்தப் பேரு யாரோடது?"

"அதுதான் மாமி யாருக்கும் தெரியல."

"உங்களோடதுன்னு நெனச்சுண்டிருந்தேன்."

"நானும்தான்."

"விக்காதேள்னு நான் எப்படிச் சொல்றது? உங்க அண்ணாவுக்கும் பொண்ணு இருக்கா." என் டம்ளர்ல இன்னும் கொஞ்சம் மோரு ஊத்திட்டு, "வாங்கறவாகிட்ட கேளுங்கோளேன். பேர அவாளே வெச்சுக்கட்டும். என்னோட அந்த ஒரு அட்ரஸ மட்டும் அப்படியே விட்டுடட்டும். நான் ஒரு மூலையிலே இருந்துட்டுப் போறேன். வில்லா வாங்கறவாளுக்கு நான் எந்தத் தொந்தரவும் பண்ண மாட்டேன்"ன்னாங்க.

இத ஒரு பெரிய மனுஷி எங்கிட்ட கேக்கறாங்க. எங்க தாத்தாவும் கடைசியில இதே மாதிரி ஒரு மூலையத்தான் கேட்டாராம்.

பிளாட் கம்பெனி மேனேஜரு சின்ன வயசு, நல்ல பேச்சு. ஏ.சி. ரூம்ல உக்கார வெச்சி, "அய்யோ பாவம் சார், கண்டிப்பா விட்டுடலாம், ஒரு அட்ரஸ்தானே"ன்னாரு. எழுதிக் குடுங்கன்னேன். "எதுக்கு சார் எழுத்து, நம்ம ஏரியா ஆளுங்க நாம"ன்னாரு. அண்ணனும் என் தோளத் தட்டி, "அதான் சொல்றாரு இல்ல"ன்னாரு. புதுப்பிக்கற தேதி நெருங்கிக்கினு இருந்துச்சு. விக்கறதுன்னாத்தான் அண்ணன் கையெழுத்து போடுவாரு. கையெழுத்து போடலேன்னா பேரு எவனுக்கோ போயிடும், அப்போ மாமிக்கு மூலை கூட இல்ல. போட்டா, ஒருத்தரோட வாய்வார்த்தை இருக்குது. போட்டேன். எனக்கு முன்னாடி அண்ணன் போட்டாரு, பட்டா பாஸ் புஸ்தகத்துல போடற மாதிரி நிதானமா, ஒவ்வொரு எழுத்தா.

மொத மாசம் மாமியோட அட்ரஸு வேல செஞ்சிது. தினம் காலையில கடை தொறந்ததும் மொத வேலையா அதத் தொறந்து பாப்பேன். அவரு போட்டோ வரும். நிம்மதியா ஜெராக்ஸு போடுவேன். அப்புறம் ஒரு நாள் தொறந்தா நீச்சல் குளம் வந்துச்சு. நீலத் தண்ணி, ரெண்டு குழந்தைங்க, பக்கத்துல ஒரு நாய்க்குட்டி. எங்க ஆத்துல அவ்ளோ தண்ணிய நான் பாத்ததே இல்ல.

மேனேஜருக்கு போன் பண்ணேன். அவரு வேலைய விட்டுட்டுப் போயிட்டாராம். புதுசா வந்தவருக்கு மாமின்னா யாருன்னே தெரியல. "சர்வர் மாத்தினாங்க சார், பழசு எல்லாம் போயிருக்கும்"ன்னாரு. "அந்தப் பேருல எந்த அட்ரஸுக்கு மெயில் போட்டாலும் இப்போ எங்க சேல்ஸ் டீமுக்குத்தான் வரும் சார்"னு பெருமையா வேற சொன்னாரு.

அது எனக்கு அப்போ முழுசாப் புரியல. மாமிக்குத்தான் மொதல்ல புரிஞ்சிது. அவங்க அவங்களோட பழைய அட்ரஸுக்கே ஒரு மெயில் போட்டுப் பாத்திருக்காங்க. போன் பண்ணாங்க.

"திரும்பி வரலை. போய்ச் சேந்துடுத்து. உடனே பதிலும் வந்துடுத்து."

"என்ன பதிலு மாமி?"

படிச்சாங்க. "தங்கள் ஆர்வத்திற்கு நன்றி. எங்கள் விற்பனைப் பிரதிநிதி விரைவில் தொடர்புகொள்வார்." நிறுத்திட்டு, "திரும்பி வந்திருந்தா கூட நல்லதுன்னு தோணறது. எழுதினவாளுக்குப் போகலைன்னாவது தெரிஞ்சிருக்கும்"ன்னாங்க.

சும்மா இருக்க முடியல. புது அட்ரஸ ஒண்ணு போட்டு, சின்னச் சின்ன சீட்டா அடிச்சி, பழைய நோட்டீஸு இருக்கற எடமெல்லாம் மேல ஒட்டலாம்னு கெளம்பினோம். மாமி, நான், ஒரு பக்கெட்டுல மைதா பசை. திருப்பதியில பாதி செவுத்துல வெள்ளையடிச்சிட்டாங்க. ரேணிகுண்டாவுல நோட்டீஸு மேல தேர்தல் போஸ்டரு, அதுக்கு மேல ஜவுளிக்கடை. பாகாலா ஸ்டேஷன்ல மட்டும் ரெண்டாவது பிளாட்பாரத்துல ஒரு தூண்ல அவரு மொகம் அப்படியே இருந்துச்சு, வெயில்ல வெளுத்துப்போயி.

நான் பசை தடவிக்கினு இருந்தேன். பக்கத்துல வேர்க்கடலை விக்கறவரு ஒருத்தரு பாத்துக்கினே இருந்தாரு. அப்புறம் மாமியப் பாத்து, "ஏம்மா, இவரு உங்களவரா?"ன்னாரு.

"ஆமாம்."

"இதுக்கு நான் எழுதினேனேம்மா. என் பொண்ண விட்டு போன்ல அடிக்கச் சொன்னேன். இந்தப் பெஞ்சுல ரெண்டு நாளா உக்காந்துக்கினு இருந்தாரு, பாட்டு மாதிரி சொல்லிக்கினே. கடலை குடுத்தா துன்னாரு. எழுதினதுக்கு, பிளாட்டு வேணுமான்னு பதிலு வந்துச்சு. ஏதோ ஏமாத்து வேலைன்னு பொண்ணு அழிச்சிட்டா."

எனக்குக் கை அப்படியே நின்னுடுச்சு. மாமி நிக்கல. அவரு கிட்ட போயி, சின்னப் புள்ளைகிட்ட கேக்கற மாதிரி கேட்டாங்க.

"எப்போ?"

"மழைக்கு முன்னாடிம்மா. ஒரு மாசம் மேலயே ஆயிருக்கும்."

"அப்புறம் எங்கே போனார்?"

"ஏதோ வண்டி ஏறிட்டாரும்மா."

"எந்தப் பக்கம் போற வண்டி?"

பாகாலாவுல தண்டவாளம் மூணு பக்கம் பிரியுது. காட்பாடிக்கு ஒண்ணு, திருப்பதிக்கு ஒண்ணு, தர்மவரத்துக்கு ஒண்ணு. அவரு மூணு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. நெஜமாவே நெனச்சிப் பாத்தாரு, பாவம். "ஞாபகம் இல்லம்மா. யாவாரத்துல இருந்தேன்."

"மேலே என்ன போட்டுண்டிருந்தார்?"

"சட்ட இல்லம்மா. துண்டு."

"துண்டுலே கரை இருந்துதா? என்ன கலர்?"

அவரு என்னையப் பாத்தாரு. நான் பக்கெட்டப் பாத்தேன். ஒரு வண்டி வர்றதுக்கு மணி அடிச்சாங்க. அவரு கடலைத் தட்டத் தூக்கிக்கினு கெளம்பறாரு, மாமி அவரு பின்னாடியே பிளாட்பாரத்துல நடந்துக்கினு கேக்கறாங்க, செகப்பா, பச்சையா, செத்த யோசிச்சுச் சொல்லுங்கோ, செகப்பா, பச்சையா.